ஜீரோ வார்னிங் என்றால் ஜீரோ பிழையா? 1936-லேயே பதில் எழுதிவைத்த ஆலன் டூரிங்கின் கதை

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கம். நாளைக்கு ரிலீஸ். கோடைச் சோதிக்கும் டூல் ஓடி முடிகிறது. திரையில் பச்சை டிக். வார்னிங் பூஜ்யம். அப்பாடா என்று லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறோம்.

அந்தப் பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம்? கோடில் ஓட்டையே இல்லை என்றா? இல்லை, டூலின் கண்ணுக்கு ஓட்டை படவில்லை என்றா? இரண்டும் ஒன்றல்ல. 2014-இல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான சர்வர்களின் ரகசியங்கள் கசியும் நிலைக்கு வந்ததற்கு, டூல்களின் கண்ணுக்குப் படாத ஒரே ஒரு பிழை போதுமானதாக இருந்தது.

ஒரு புரோகிராமை ஓட்டிப் பார்க்காமல், எழுதிய கோடை மட்டும் படித்து அதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர் ஸ்டாடிக் அனாலிசிஸ். வண்டியை ரோட்டில் ஓட்டாமலே, திறந்து பார்த்துக் கோளாறைச் சொல்லும் மெக்கானிக்கைப் போல.

இதில் எதுவரைக்கும் முடியும், எதற்கு மேல் முடியவே முடியாது என்ற இரண்டு கேள்விகளுக்கும் மிக ஆரம்பத்திலேயே விடை தேடியவர் ஒரே ஆள். இன்று நாம் பார்க்கும் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே ஒரு பாதியை எழுதினார். அது பிறந்த கையோடு மறுபாதியை எழுதினார். அவர்தான் ஆலன் டூரிங்.

போத்தனூர், குன்னூர், லண்டன்

டூரிங் ஆங்கிலேயர்தான். ஆனால் குடும்பத்தின் வேர் நம்ம ஊர்ப் பக்கமும் ஓடுகிறது. அவருடைய அம்மா ஈதல் சாரா 1881-இல் பிறந்தது கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில். தாத்தா எட்வர்டு ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் லண்டனில், 1912 ஜூன் 23 அன்று பிறந்தார்.

அப்பாவுக்கு வேலை இந்தியாவில். பிள்ளைகளோ இங்கிலாந்தில், ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரி குடும்பத்தின் பராமரிப்பில். அம்மா அப்பாவை விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் பார்க்க முடிந்த குழந்தைப் பருவம் அது.

1926-இல் ஷெர்போர்ன் என்ற உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். அவர் கப்பலில் வந்து சவுத்தாம்ப்டனில் இறங்கிய நாளில் நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன் என்ன செய்வான்? சைக்கிளை எடுத்தான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே கிரேக்கமும் லத்தீனும்தான் பெரிய படிப்பு. கணக்கிலும் அறிவியலிலும் மூழ்கிக் கிடந்த டூரிங்கை ஆசிரியர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அவரைப் புரிந்துகொண்ட நண்பர் ஒரு வகுப்பு மூத்தவரான கிறிஸ்டோபர் மார்க்கம். 1930 பிப்ரவரியில் காசநோயால் மார்க்கம் இறந்துபோனார். அந்த இழப்பு டூரிங்கை நீண்ட நாள் உலுக்கியது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். 22 வயதிலேயே அதே கல்லூரியின் ஃபெல்லோ ஆகிவிட்டார்.

1936: முடியாது என்பதற்கான நிரூபணம்

கேம்பிரிட்ஜில் மேக்ஸ் நியூமன் நடத்திய வகுப்பில் டூரிங் ஒரு பெரிய கேள்வியைச் சந்தித்தார். ஜெர்மன் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் கேட்ட கேள்வி அது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று படிப்படியாக, இயந்திரத்தனமாகச் சொல்லிவிடும் வழிமுறை ஒன்று இருக்கிறதா?

வழிமுறை என்றால் என்ன என்பதிலிருந்தே டூரிங் ஆரம்பித்தார். நீளமான ஒரு டேப், அதில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதி நகரும் ஒரு கற்பனை இயந்திரம். மனிதன் பேப்பரில் விதிப்படி போடும் எந்தக் கணக்கையும் இந்த இயந்திரம் போட்டுவிடும். இன்னொரு படி மேலே போய், எந்த இயந்திரத்தின் குறிப்பைக் கொடுத்தாலும் அதைப்போலவே வேலை செய்யும் ஒரே பொது இயந்திரத்தையும் காகிதத்தில் வடிவமைத்தார். ஃபோனில் ஆப் இன்ஸ்டால் செய்கிறோமே, அதற்கான அடிப்படை யோசனை இதுதான்.

பிறகு அந்த இயந்திரத்தை வைத்தே, சில கேள்விகளுக்கு எந்த இயந்திரமும் எப்போதும் விடை சொல்ல முடியாது என்று நிரூபித்தார். கட்டுரையைச் சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 23. அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் வேறு வழியில் அதே முடிவுக்குச் சற்று முன்பே வந்திருந்தார்.

நிரூபணத்தின் சாரத்தை இன்றைய கோட் உலகத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

பொய்யே சொல்லாத ஒரு டூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் அரிச்சந்திரன். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது ஓடும்போது தன் எல்லையைத் தாண்டி மெமரியில் எழுதுமா, எழுதாதா என்று கட்டாயம் பதில் சொல்லும். சொன்ன பதில் தப்பவே தப்பாது.

இப்போது ஒரு குறும்புக்காரப் புரோகிராமை எழுதுவோம். அது முதலில் தன்னுடைய கோடையே அரிச்சந்திரனிடம் கொடுத்துக் கேட்கும். எல்லை தாண்ட மாட்டாய் என்று பதில் வந்தால், உடனே எல்லையைத் தாண்டி எழுதும். தாண்டுவாய் என்று பதில் வந்தால், எதுவும் செய்யாமல் சமர்த்தாக முடிந்துவிடும். அரிச்சந்திரன் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். அப்படியானால் அரிச்சந்திரன் இருக்கவே முடியாது!

டூரிங் எழுதியது ஒரு இயந்திரம் முடிவில்லாமல் எண்களை அச்சிட்டுக்கொண்டே போகுமா என்ற வடிவத்தில். ஒரு புரோகிராம் நிற்குமா நிற்காதா என்ற இன்றைய பிரபலமான வடிவமும், ஹால்டிங் பிராப்ளம் என்ற பெயரும் பின்னால் வந்தவை. 1953-இல் ஹென்றி ரைஸ் இதை இன்னும் விரித்தார். புரோகிராம் என்ன செய்யும் என்பதைப் பற்றிய, சும்மா பெயருக்கு இல்லாத எந்தக் கேள்விக்குமே எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும் டூல் கிடையாது என்று காட்டினார்.

நிஜ கம்ப்யூட்டரில் மெமரிக்கு அளவு உண்டே, எல்லா நிலைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு ஜி.பி. மெமரியில் சுமார் 800 கோடி பிட்டுகள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. அத்தனை சேர்க்கைகளையும் சோதித்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

ஆகவே நாம் வாங்கும் எந்த டூலாக இருந்தாலும் மூன்றில் ஒன்றைச் செய்தே ஆகும். சில பிழைகளைத் தவறவிடும். இல்லாத பிழைக்குக் கத்தும். அல்லது சில இடங்களில் தெரியவில்லை என்று கையை விரிக்கும். டூல் தயாரித்தவரின் சோம்பேறித்தனம் இதற்குக் காரணம் இல்லை. இது கணிதத்தின் எல்லை.

சரி, அப்போ டூலே வேஸ்ட்டா? அதற்குப் பதில் தெரிய, டூரிங்கின் வாழ்க்கையில் இன்னும் 13 வருடம் நகர வேண்டும்.

போர்க்காலமும் ஒரு சைக்கிள் செயினும்

1938-இல் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் முடித்துத் திரும்பினார். 1939 செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கிய மறுநாளே பிளெட்ச்லி பார்க்கில் வேலைக்குப் போய்விட்டார். ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைப்பதுதான் அங்கே வேலை.

எனிக்மாவை எப்படியெல்லாம் செட் செய்யலாம் என்று கணக்குப் போட்டால் சுமார் 16 லட்சம் கோடி கோடி வழிகள். ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வழியே இல்லை. போலந்து கணித வல்லுநர்கள் ரெயெவ்ஸ்கி, ருசிட்ஸ்கி, ஜிகால்ஸ்கி மூவரும் ஏற்கெனவே அந்த இயந்திரத்தை அலசி, கண்டதை 1939 ஜூலையில் பிரிட்டனிடம் பகிர்ந்திருந்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல் டூரிங் பாம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை இன்னும் கூர்மையாக்கினார்.

பாம்ப் செய்தது இதுதான். செய்தியில் இந்தச் சொல் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளும். ஒரு செட்டிங்கை எடுத்து, அது சரி என்றால் வேறு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டே போகும். எங்காவது ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதோடு ஒட்டிய அத்தனை வழிகளையும் ஒரே அடியில் தள்ளிவிடும். இன்றைய ஸ்டாடிக் அனாலிசிஸ் டூலும் எல்லா இன்புட்டையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. இந்த வரி உண்மை என்றால் அடுத்த வரியில் என்ன மதிப்பு வர முடியும் என்று பிடித்துக்கொண்டே போய், நடக்கவே முடியாத பாதைகளைக் கழித்துவிடுகிறது.

பிளெட்ச்லியில் டூரிங்கின் சைக்கிளைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கை சுற்றுகளுக்கு ஒருமுறை செயின் கழன்றுவிடும். அவர் சுற்றுகளை எண்ணிக்கொண்டே ஓட்டி, கழலும் நேரத்துக்குச் சற்று முன் நிறுத்திச் சரிசெய்வாராம். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், வளைந்த ஒரு கம்பியும் செயினில் பழுதான ஒரு கண்ணியும் சந்திக்கும்போது மட்டும் அது கழல்கிறது என்று கண்டுபிடித்தாராம். கண்ணியும் கம்பியும் தனித்தனியாக எந்தத் தொந்தரவும் தரவில்லை. இரண்டும் சேரும் அந்த ஒரு கணம்தான் பிரச்சினை. கோடில் ஒளிந்திருக்கும் மோசமான பிழைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆயிரம் முறை டெஸ்ட் செய்தாலும் அந்த ஒரு சேர்க்கை வராமலே போகலாம்.

டூரிங்கின் கோடிலேயே பிழை

போர் முடிந்ததும் 1945-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஏ.சி.இ. என்ற கம்ப்யூட்டருக்கான வடிவமைப்பை எழுதினார். கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது.

அங்கே 1947-இல் டொனால்டு டேவிஸ் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். இன்டர்நெட்டின் அடிப்படையான பாக்கெட் ஸ்விட்ச்சிங் முறையைப் பின்னாளில் உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். டூரிங்கின் 1936 கட்டுரையை அவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். பொது இயந்திரத்துக்கு டூரிங் எழுதியிருந்த கட்டளைகளில் பிழைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த இயந்திரத்தை யாரும் கட்டவில்லை. அந்தக் கட்டளைகளை யாரும் ஓட்டவும் இல்லை. வெறுமனே படித்தே பிடித்த பிழைகள் அவை.

டேவிஸ் போய் அதைச் சொன்னபோது டூரிங்குக்கு எரிச்சல்தான் வந்தது. கோட் ரிவ்யூவில் அடி வாங்கிய அனுபவம் உள்ள எல்லோருக்கும் இந்த எரிச்சல் புரியும். நிரூபணத்தின் சாரம் அதனால் சாயவில்லை. ஆனால் வரிக்கு வரி எழுதிய கோடில் டூரிங்கே தவறியிருந்தார்.

1949: மூன்று பக்கத்தில் ஒரு வழி

1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார் டூரிங். அங்கே அந்த ஜூனில்தான், புரோகிராமைத் தன் மெமரியிலேயே வைத்து ஓடும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் முதல்முறையாக வேலை செய்திருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் ஓடியது. அதையொட்டி நடந்த மாநாட்டில், 1949 ஜூன் 24 அன்று, டூரிங் பேசினார். முந்தைய நாள்தான் அவருக்கு 37 வயது நிறைந்திருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு பெரிய புரோகிராம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

அவர் காட்டிய உதாரணம் ஒரு கூட்டல் கணக்கு. நாமும் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 478, 356, 289 மூன்றையும் கூட்டினால் 1123. விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். மாறாக, ஒன்றாம் இடத்தில் மிச்சம் 2, பத்தாம் இடத்தில் மிச்சம் 2 என்று நடுவில் குறித்துக் கொடுத்தால்? மூன்று பேர் ஆளுக்கு ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு தனித்தனியாகச் சரிபார்த்துவிடலாம். மூன்றும் சரி என்றால் மொத்தமும் சரி.

கோடுக்கும் இதையே செய்யச் சொன்னார். எழுதுபவர், இந்த இடத்துக்கு வரும்போது இந்த மதிப்பு இப்படித்தான் இருக்கும் என்று முக்கியமான இடங்களில் உறுதியாக எழுதிவைக்க வேண்டும். சோதிப்பவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து, முதல் கூற்று உண்மையானால் அடுத்தது உண்மையாகுமா என்று பார்த்தால் போதும். கடைசியில் புரோகிராம் கட்டாயம் நிற்கும் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஒரு அளவைக் காட்டினால் அது போதும். ஏனென்றால் கீழே பூஜ்யம் இருக்கிறது. எல்லையில்லாமல் குறைந்துகொண்டே போக முடியாது.

இதை அவர் விளக்கிய புரோகிராம் ஃபாக்டோரியல். 5 என்று கொடுத்தால் 5×4×3×2×1 என்று போட்டு 120 தரும் கணக்கு. பெருக்கல் கட்டளையே இல்லாமல், கூட்டலை மட்டும் வைத்து எழுதப்பட்டது.

இங்கேதான் விஷயமே. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் தீர்ப்புச் சொல்லும் டூல் இல்லை என்று 1936-இல் நிரூபித்தவர், எழுதியவரே தன் நோக்கத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் அந்தக் குறிப்பிட்ட புரோகிராமைச் சோதிக்க முடியும் என்று 1949-இல் காட்டினார். இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

கொடுமை என்னவென்றால், பிழை சோதிப்பதைப் பற்றிய அந்த மூன்று பக்கக் கட்டுரை ஏகப்பட்ட அச்சுப் பிழைகளோடு வெளியானது. குறியீடுகள் மாறிக் கிடந்தன. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் இதே யோசனையைப் புதிதாகவும் முழுமையாகவும் வளர்த்தெடுத்தார்கள். 1984-இல்தான் மாரிஸ், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் டூரிங்கின் கட்டுரையை எடுத்து, பிழைகளைத் திருத்தி மறுபதிப்பாக்கினார்கள்.

கடைசி ஆண்டுகள்

1950-இல் இயந்திரம் சிந்திக்குமா என்ற புகழ்பெற்ற கட்டுரை. 1951-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அதற்கடுத்த ஆண்டு எல்லாம் தலைகீழானது.

1952 ஜனவரியில் வீட்டில் திருட்டுப் போனதாகப் போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், அவருக்கு இன்னொரு ஆணோடு உறவு இருந்தது தெரியவந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் அது குற்றம். புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஹார்மோன் சிகிச்சையை ஏற்கச் செய்தார்கள். அரசின் ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. போரில் அவர் செய்த வேலையோ இன்னும் ரகசியம். அதைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை.

1954 ஜூன் 7 அன்று வில்ம்ஸ்லோவில் உள்ள தன் வீட்டில் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் தீர்ப்பானது. விபத்து என்றே அவருடைய அம்மா கடைசிவரை நம்பினார்.

2009-இல் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. 2021-இல் அவருடைய பிறந்தநாளில் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் ஏறியது.

டூரிங் பார்க்காத சி மொழி

அவர் இறந்து 18 ஆண்டுகள் கழித்து, 1972 வாக்கில், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது சி மொழி. யுனிக்ஸ், லினக்ஸ், நம் ஃபோனின் அடிப்பகுதி, ரூட்டர் என்று அது இல்லாத இடமே இல்லை. வேகம்தான் அதன் பலம். எழுதுபவரை முழுசாக நம்பி, நடுவில் எதையும் செக் செய்யாததால் வரும் வேகம் அது. அதன் பலவீனமும் அங்கேதான்.

சி-யில் அடிக்கடி வரும் பாதுகாப்பு ஓட்டைகள் இவை:

பஃபர் ஓவர்ஃப்ளோ: 10 பேர் பந்தியில் 15 இலை போடுவது. மிச்ச 5 இலை பக்கத்துப் பந்தியின் மேல் விழும். பக்கத்தில் இருப்பது முக்கியமான தகவல் என்றால், ஹேக்கர் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம்.

யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ: லாட்ஜ் அறையைக் காலி செய்த பிறகும் பழைய சாவியால் திறப்பது. உள்ளே இப்போது வேறு யாரோ இருப்பார்கள்.

இன்டிஜர் ஓவர்ஃப்ளோ: பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குப் போவது போல, எண் அதன் கொள்ளளவைத் தாண்டுவது.

மதிப்புக் கொடுக்காத வேரியபிள்: கழுவாத டம்ளரில் டீ ஊற்றுவது. முன்பு யார் எதைக் குடித்தார்கள் என்று தெரியாது.

ஃபார்மட் ஸ்ட்ரிங்: வெளியாள் எழுதிக் கொடுத்த தாளை வெறும் தகவலாகப் பார்க்காமல், கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றுவது.

இவையெல்லாம் பாடப்புத்தக பயமுறுத்தல் இல்லை. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் வார்ம், 512 பைட் இடத்தில் அளவே பார்க்காமல் தகவலை வாங்கிக்கொண்ட ஒரு ஃபங்ஷன் வழியாகவும் நுழைந்தது. கெட்ஸ் என்ற அந்த ஃபங்ஷனை சி மொழியின் தர வரையறையிலிருந்து நீக்க 2011 ஆனது.

டூல் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

1978-இல் பெல் லேப்ஸின் ஸ்டீபன் ஜான்சன் லின்ட் என்ற டூலை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசிதான் லின்ட். கோடில் ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டும் டூல் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று கம்பைலர்களுக்கு உள்ளேயே இந்த வேலை நடக்கிறது.

எளிமையான டூல், ஆபத்தான ஃபங்ஷன் பெயர்களைத் தேடிப் பட்டியல் போடும். அடுத்த ரகம், கோடை மரம்போலப் பிரித்து, எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போக முடியும் என்று வரைபடம் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் மதிப்புகளின் எல்லையைக் கணக்கிடும்.

10 இடங்கள் கொண்ட ஒரு அர்ரே என்று வைப்போம். எண்கள் 0 முதல் 9 வரை. யூசர் தரும் எண்ணை அப்படியே பயன்படுத்தினால், அது எதுவாகவும் இருக்கலாம் என்று டூல் எடுத்துக்கொண்டு எச்சரிக்கும். நடுவில் 0-க்குக் குறையாமல், 10-க்கு மிகாமல் இருந்தால் மட்டும் போ என்று ஒரு நிபந்தனை எழுதினால், எல்லை 0 முதல் 10 வரை சுருங்கும். 10-ஆம் எண் இடமே இல்லையே என்று டூல் இன்னும் கத்தும். 10-க்குக் குறைவாக என்று திருத்தினால் அமைதியாகிவிடும்.

டூரிங்கின் அதே ஃபாக்டோரியலை இன்று சி-யில் சாதாரண 32 பிட் எண்ணில் எழுதினால் என்ன ஆகும்? 12 வரை சரியாக வரும். 13-க்கு விடை 600 கோடியைத் தாண்டும். அந்த எண்ணால் பிடிக்க முடிவதோ சுமார் 214 கோடி. இன்புட் 12-க்கு மேல் வராது என்று எங்கேயாவது எழுதியிருந்தால் டூல் நிம்மதியாகக் கையெழுத்துப் போடும். எழுதாவிட்டால், நம் மனதில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

2014-இன் இரண்டு பாடங்கள்

அந்த ஆண்டு பிப்ரவரியில், ஆப்பிள் போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் கோடில் ஒரு பிழை வெளிவந்தது. கோட்டூ ஃபெயில் என்ற ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி நிபந்தனையே இல்லாமல் தாவியதால், அதற்குக் கீழே இருந்த முக்கியமான சோதனை எப்போதுமே நடக்கவில்லை. இந்தக் கோடுக்கு ஒருபோதும் போய்ச் சேர முடியாது என்று சொல்லும் வார்னிங் கம்பைலரிலேயே உண்டு. ஆனால் வழக்கமாக எல்லோரும் ஆன் செய்யும் வார்னிங் தொகுப்பில் அது இல்லை. தனியாகக் கேட்டால்தான் சொல்லும்.

ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட். இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் கோடில், வெளியிலிருந்து வரும் செய்தி தன் நீளம் என்று எதைச் சொல்கிறதோ அதை அப்படியே நம்பினார்கள். ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு, என் நீளம் 64 ஆயிரம் என்றால், பக்கத்து மெமரியில் இருக்கும் பாஸ்வேர்டையும் சாவியையும் சேர்த்து சர்வர் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அன்றைய ஸ்டாடிக் அனாலிசிஸ் டூல்களும் இதைத் தவறவிட்டன. அந்த நீளம் வெளியாள் தந்தது என்பதே, கோடின் சுற்றி வளைத்த பாதையில் டூலுக்குப் புரியவில்லை. பிறகு ஒரு டூல் தயாரிப்பாளர் புது விதி சேர்த்தார். ஒரு எண்ணின் பைட்டுகளை இடம் மாற்றிப் படிக்கிறார்கள் என்றால் அது அநேகமாக நெட்வொர்க்கில் இருந்து வந்தது, அதை நம்பாதே.

முதல் சம்பவத்தில் டூலுக்குத் தெரியும், நாம் கேட்கவில்லை. இரண்டாவதில் நாம் கேட்டோம், டூலுக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு நல்ல கதையும் உண்டு. 2003-இல் பிரான்ஸில் உருவான அஸ்ட்ரே என்ற டூல், ஏர்பஸ் ஏ340 விமானத்தை இயக்கும் 1,32,000 வரி சி கோடில், அது தேடும் ரன்டைம் பிழைகள் ஒன்றுகூட இல்லை என்று நிரூபித்தது. டூரிங் போட்ட எல்லையை அது தாண்டிவிட்டதா? இல்லை. அந்தக் கோட் எழுதப்பட்ட விதமே கட்டுப்பாடானது. ஓடும்போது புதிதாக மெமரி கேட்பதில்லை, தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் இல்லை. எல்லாப் புரோகிராமுக்கும் முடியாத ஒன்றை, சோதிப்பதற்கு வசதியாக எழுதிய புரோகிராமுக்கு முடித்துக் காட்டினார்கள்.

அப்போ நாம் என்ன செய்யணும்?

டூலை ஓட்டுவதை நிறுத்த வேண்டாம். எல்லா வார்னிங்கையும் ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். வார்னிங்கை வாயடைக்கும் முன், அது ஏன் பொய் எச்சரிக்கை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியவில்லை என்றால், எச்சரிக்கை உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இந்த எண் இதற்கு மேல் போகாது, இந்த முகவரி காலியாக இருக்காது என்று மனதில் வைத்திருப்பதைக் கோடிலேயே எழுதுங்கள். சி-யில் அதற்கென்றே அசெர்ட் இருக்கிறது. 1949-இல் டூரிங் கேட்டதும் இதைத்தான். டூலுக்கும் அது உதவும், ஆறு மாதம் கழித்து அந்தக் கோடைத் திறக்கப்போகும் சக ஊழியருக்கும் உதவும்.

இன்னொன்று, கோடை வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் பிழையைச் சொல்லும்போது எரிச்சல் வரும். டூரிங்குக்கே வந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு வரும் பச்சை டிக்கைத் தாராளமாகக் கொண்டாடலாம். என்னென்ன தேடச் சொன்னோமோ அவற்றில் எதுவும் கண்ணில் படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். லேப்டாப்பை மூடும் முன், எதையெல்லாம் தேடச் சொல்லவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு டீக்குக் கிளம்பலாம்.